கொண்டு வராத தண்ணீர்

இது நடந்தபோது நான் அந்த வீட்டில் இல்லை. எனக்குச் சொன்னவர் களப்பணியாளர் செல்வின். ஆவுடையம்மாள் கல்வி அறக்கட்டளையின் இயக்குநர் லோகநாயகி மேடத்தை அன்றைக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். ஆனால் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தபோது மேடத்தின் மனசுக்குள் என்ன ஓடியது என்று அவருக்கும் அப்போது தெரியாது. திரும்பும் வழியில், கயத்தாற்றில் நாற்கரச் சாலையில் ஏறியதிலிருந்து பாளையங்கோட்டை வரும்வரை, மேடம் பேசிக்கொண்டே வந்தாராம். பாதி அவரிடம், பாதி கார் ஜன்னலிடம். அதைச் செல்வின் பல நாள் கழித்து, டீ குடிக்கிற நேரங்களில் துண்டு துண்டாக எனக்குச் சொன்னார். நான் ஒட்டியிருக்கிறேன். ஒட்டு தெரிகிற இடத்தில் தப்பு என்னுடையது. இனி அவரை 'அவள்' என்றே எழுதுகிறேன். மனசுக்குள் யாருக்கும் மேடம் பட்டம் கிடையாது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததுமே லோகநாயகியின் கண் அடுப்படி வாசலில் தொங்கிய பழைய சேலைத் திரைக்குப் போனது. திரை இன்னும் அசையவில்லை. அசையும். எந்த வீட்டிலும் இதுதான் வரிசை. வாங்க என்பார்கள், துண்டால் நாற்காலியைத் துடைப்பார்கள், மின்விசிறியைப் போடுவார்கள், அது சுற்றுமா சுற்றாதா என்று எல்லோரும் ஒரு கணம் அண்ணாந்து பார்ப்பார்கள், பிறகு திரை அசையும், தம்ளரோ செம்போ வரும், அவசரமாகக் கழுவிய ஈரம் அதன் வெளிப்பக்கம் வழியும். அப்போது சொல்ல வேண்டிய வாக்கியம் அவளிடம் தயாராக இருந்தது. வேண்டாம்மா, இப்பதான் குடிச்சிட்டு வாரோம். எத்தனை வீட்டில் சொன்ன வாக்கியம். சொல்லிச் சொல்லி அது பொய் என்கிற ருசியே போய்விட்டது. புன்னகைக்க வேண்டும், வலது கையை லேசாக உயர்த்த வேண்டும், உயர்த்திய கை தம்ளரைத் தள்ளுவதுபோல் இருக்கக் கூடாது, கும்பிடுவதுபோலவும் இருக்கக் கூடாது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை அவளே நடித்துக் காட்டியிருக்கிறாள். இந்த மாதக் கடைசியோடு அவளுக்கு ஓய்வு. களப்பணியாளர் ஒருவருக்குக் கல்யாணம், இன்னொருவருக்கு அம்மை, அதனால் உதவித்தொகை விசாரணைக்குச் செல்வினுடன் போக ஆள் இல்லை என்றபோது, நானே வாரேன் என்று சொன்னாள். கடைசியாக ஒரு வீடு. தொடங்கிய இடத்திலேயே முடிக்கலாம் என்று ஒரு ஆசை, அதை ஆசை என்று யாரிடமும் சொல்லவில்லை. வெயில். காரைத் தெருமுனையிலேயே நிறுத்தவேண்டி வந்தது. அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள், நீலச் சுண்ணாம்பு, பின்னால் பொட்டல், பொட்டலுக்கு அப்பால் வரிசையாகக் காற்றாலைகள். அவற்றின் சத்தம், யாரோ தூரத்தில் பெரிய ஜமுக்காளத்தை உதறிக்கொண்டே இருப்பதுபோல. சர்க்கரை மாத்திரை போட்ட நாளெல்லாம் மத்தியானம் நாக்கு அட்டையாகிவிடுகிறது. தண்ணீர் பாட்டில் காரில். திரை அசையவில்லை.

"பிளஸ் டூவுல கணக்குல மட்டும் கொஞ்சம் கம்மி" என்றார் செல்வின், விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டே. "நர்சிங்குக்குக் கணக்கு எதுக்கு சார்? ஊசி போட எண்ணத் தெரிஞ்சா போதாதா" என்றாள் எதிரே தரையில் உட்கார்ந்திருந்த பெண். பவதாரணி என்று பெயர். "ஏட்டி, வாயை அடக்கு" என்றாள் தாய். உச்சிமாகாளி. தீப்பெட்டி ஆபீஸ் வேலை, விரல் நுனியெல்லாம் மருந்தின் பழுப்பு. லீவு போட்டிருக்கிறாள் போலும், நல்ல சேலை, ஆனால் உட்காரவில்லை, சுவரில் சாய்ந்து நின்றாள். அடுப்படிக்கும் போகவில்லை. ஏன் போகவில்லை? பெண்ணையாவது அனுப்பியிருக்கலாம். மறந்துவிட்டாளோ. மறக்கிற ஆளாகத் தெரியவில்லை. நாற்காலி இரண்டும் பக்கத்து வீட்டில் வாங்கி வந்தவை, பின்புறம் வெள்ளைப் பெயின்டில் வேறு யாரோ பெயர். விசிறி துடைத்திருக்கிறது. அரிசிமாவுக் கோலம் போட்டிருக்கிறது. எல்லாம் செய்தவள் இதை எப்படி மறப்பாள். திரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அகல இடைவெளி. அதில் மூன்று குடங்கள் தெரிந்தன, பச்சை, பச்சை, ஆரஞ்சு. ஆரஞ்சுக் குடத்தின் மூடியில் எவர்சில்வர் தம்ளர் ஒன்று கவிழ்ந்திருந்தது. லோகநாயகி கண்ணை எடுத்தாள். அப்பா எங்க வேலை? கேரளாவில், கல்குவாரியில். மாசாமாசம் வருவாரா? "வந்தா வருவாரு" என்றாள் பெண். "ஏட்டி" என்றாள் தாய். மறுபடி கண் அங்கேதான் போனது.

நாளைக்குத் தேர்வுக் குழு. நாளைக்குப் பேர் வந்தால் இந்தப் பெண்ணுக்கு நாலு வருஷப் படிப்பும் டிரஸ்ட் செலவு. வராவிட்டால் தாயோடு தீப்பெட்டி ஆபீஸ், அல்லது திருப்பூர். கல்லூரியில் இடம் போட்டு வைத்திருக்கிறார்கள், அடுத்த வாரம்வரை. விசாரணைக்கு இருவர் போகவேண்டும், இருவரும் தனித்தனியாக மதிப்பெண் போடவேண்டும், இருவரில் ஒருவர் அந்த வீட்டார் கொடுத்த எதையாவது வாயில் வைத்தால், ஒரு மிடறு தண்ணீராக இருந்தாலும், அந்த விசாரணை செல்லாது, விண்ணப்பம் அடுத்த வருஷத்துக்குப் போகும். அவள் எழுதிய விதி. ஆபீசில் அதற்குத் தண்ணி விதி என்று பெயர். குடிச்ச தண்ணி மார்க் போடும் என்பது அவள் வாக்கியம், வேறு ஊர் டிரஸ்டுகளில்கூடச் சொல்கிறார்களாம். டெல்லியில் ஒரு மாநாட்டில் இதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். பேச்சுக்கு நடுவில் தொண்டை கட்டி மேசையிலிருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு, இங்கே நான் யாருக்கும் மார்க் போடப் போவதில்லை என்றாள். அரங்கமே சிரித்தது. அந்தத் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. இப்போது அது ஞாபகம் வருவானேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிரிகிறது, பிரியும்போது சின்னதாக ஒரு சத்தம், எதிரே இருப்பவர்களுக்குக் கேட்டிருக்குமோ.

விதி வந்தது கோழியால். அவள் அப்போது டிரஸ்டில் டைப்பிஸ்ட், டிரஸ்ட் என்பதே ஜின்னிங் மில் ஆபீசின் பின்னறை. விசாரணைக்கு ரிட்டயர்டு வாத்தியார்கள் போவார்கள், போய்வந்து எழுதித் தருவதை அவள் டைப் அடிப்பாள். ஒரு வாத்தியார் குறிப்புப் பத்தியில் 'நல்ல குடும்பம், முட்டைக்குழம்பு' என்று எழுதியிருந்தார். சிரித்துவிட்டுத்தான் அடித்தாள். அப்புறம் விளாத்திகுளம் பக்கம் ஒரு விதவை, முட்டையிடுகிற கோழியை அடித்து வாத்தியாருக்குக் குழம்பு வைத்துப் போட்டாள் என்று கேள்விப்பட்டபோது சிரிப்பு வரவில்லை. அதே ஊரில் இன்னொரு வீட்டில் வெறும் கருப்பட்டிக் காப்பி. கோழிக்கு அறுபத்தெட்டு மார்க், காப்பிக்கு நாற்பது. மில் முதலாளி ஆறுமுகநயினாரிடம் போய்ச் சொன்னாள். கை நடுங்கியது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஏம்மா, நம்ம துட்டக் குடுக்கப் போயி அவன் கோழியத் தின்னுட்டு வாரதுக்கு, நாம பேசாம ஒரு கோழிக்கடை வச்சிரலாம்லா" என்றார். நீயே ஒரு விதி எழுது என்றார். அன்றைக்குச் சாயங்காலமே எழுதினாள். காபி கூடாது, சாப்பாடு கூடாது என்று எழுதி, போதாது என்று தோன்றி, தண்ணீரும் என்று சேர்த்தாள். ஏன் தோன்றியது? தண்ணீருக்குக் காசா, யாராவது தண்ணீருக்காக மார்க் போடுவார்களா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ஒரு துளிக்கு இடம் கொடுத்தால் காப்பி வரும், காப்பி வந்தால் முறுக்கு வரும், என்று பின்னால் காரணம் சொன்னாள். நல்ல காரணம். இன்றைக்கும் நல்ல காரணம்தான். அந்த விதி அவளை டைப் மெஷினிலிருந்து எழுப்பிச் செயலாளர் நாற்காலியில் உட்காரவைத்தது. பெரியவர் போனபின் அவர் மகன், உதவித்தொகைச் செக்கை மேடையில் வைத்துக் கொடுத்துப் பிள்ளைகளோடு போட்டோ எடுக்கவேண்டும் என்றபோது முடியாது என்று சொல்லும் தைரியத்தையும் அதுதான் கொடுத்தது. வாங்குகிற கை கீழே இருக்கிற மாதிரி ஒரு படம்கூட நம்மிடம் இருக்கக் கூடாது என்று வாதாடி ஜெயித்தாள். சுயமரியாதை என்பது அவள் பாடம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள்.

கோழி முதலா, அம்மா முதலா? இது எங்கிருந்து வந்தது. வேண்டாம். கூட எத்தனை பேர் படிக்கிறாங்க வீட்டுல, கேளு, கேட்டாள், ஒரு தம்பி, எட்டாவது, சரி. அம்மா முதலா. அம்மா கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. டிரஸ்டில் வாத்தியார்களுக்கு ஆள் குறைந்தபோது அவளையும் விசாரணைக்கு அனுப்பினார்கள். முதல் நாள் போய்விட்டுத் திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றாள். "ஏட்டி, போற எடத்துலல்லாம் வாங்கிக் குடிக்கியோ?" எடத்துலல்லாம் என்பதில் ஒரு அழுத்தம். எந்த இடம் என்று அம்மாவும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை, இருவருக்கும் தெரியும். அம்மா வீட்டில் கொல்லைச் சுவர் மாடத்தில் ஒரு அலுமினியத் தம்ளர் தனியாக இருந்தது, கக்கூஸ் கழுவ வருகிறவனுக்கு. அதில் எப்போதும் ஒரு எறும்பு செத்துக் கிடக்கும். "குடிக்கக் கூடாதுன்னு விதிம்மா" என்று சொன்னாள் லோகநாயகி. அம்மா, "அதான் நல்லது" என்றாள், சொல்லிவிட்டு மூச்சை விட்டாள், அந்த மூச்சு இன்னும் காதில் இருக்கிறது. விதி என்று பதில் சொல்லியிருக்கிறாள் என்றால் விதி முதலில் வந்திருக்கவேண்டும். கோழி, விதி, அம்மா. சரியான வரிசை. ஆனால் அன்றைக்கு அம்மாவிடம் சொன்னது ஏற்கெனவே இருந்த விதியையா, இல்லை வாய்க்கு வந்த பொய்யையா, பொய்யைச் சொல்லிவிட்டு அதற்குப் பொருத்தமாகப் பின்னால் விதியை எழுதினாளா? முதல் விசாரணைக்குப் போனது மழைக்காலம். கால் கழுவியபோது சேறு. கோழி எப்போது? கோழி பங்குனிப் பொங்கலுக்கு. எந்த வருஷத்துப் பங்குனி? மழைக்கு முந்தியதா பிந்தியதா? அந்த முதல் விசாரணையில் ஒரு வீட்டில் குடித்தாளா குடிக்கவில்லையா? செம்பு ஞாபகம் இருக்கிறது, செம்பை நீட்டிய கை ஞாபகம் இருக்கிறது, அதற்கப்புறம் ஒன்றும் இல்லை, துணியால் துடைத்ததுபோல. வேர்க்கிறது. விசிறி சுற்றுகிறது, ஆனாலும் வேர்க்கிறது. தண்ணீரும் என்று சேர்த்தபோது கை நடுங்கவில்லை. கோழியைப் பற்றிப் பேசப் போனபோது நடுங்கிய கை. சேர்த்தபோது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி யாருடையது?

தங்கபாண்டியன். அவர் வேறு ஞாபகத்தில் வந்து நிற்கிறார். நல்ல களப்பணியாளர், சைக்கிளிலேயே மாவட்டம் சுற்றியவர். நாங்குநேரிப் பக்கம் ஒரு காலனியில் மோர் வாங்கிக் குடித்துவிட்டார். அவரே வந்து சொன்னார், மறைக்கவில்லை. "மேடம், அந்த வீட்டுல குடிக்காம எந்திரிக்க முடியல." வெயில் தாங்கவில்லை என்கிறார் என்று நினைத்தாள். வெயில் எல்லோருக்கும்தான், தங்கபாண்டியன் என்றாள். அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார், பிறகு சரி மேடம் என்றார். விண்ணப்பம் தள்ளுபடியானது. பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த பையன். அவர் வெயிலைப் பற்றிச் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் வெயில் என்ற பேச்சையே எடுக்கவில்லை, அவள்தான் எடுத்தாள். அந்த ஒரு நிமிஷம் பார்த்தாரே, அதில் கோபம் இருந்ததா, இரக்கம் இருந்ததா. அடுத்த வருஷம் அவர் வேலையை விட்டுவிட்டார், மகளுக்குக் கல்யாணம் என்று. பையன் என்ன ஆனான்? அடுத்த வருஷத்துக்கு விண்ணப்பம் வரவில்லை. வராவிட்டால் வசதி வந்துவிட்டது என்று அர்த்தம், அப்படித்தான் ஆபீசில் எடுத்துக்கொள்வார்கள், அவளும் அப்படித்தான். ஒரு வீட்டுக்கு அப்படிச் செய்துவிட்டு இன்னொரு வீட்டில் தான் மட்டும் குடிப்பதா. யார் குடிக்கச் சொன்னார்கள்? இங்கே யாரும் கொடுக்கவே இல்லையே. அதுதான். இவ்வளவு நேரமாகியும் கொடுக்கவில்லை. குடங்கள் நிறைந்திருக்கின்றன, ஆரஞ்சுக் குடத்தின் கழுத்துவரை ஈரம் தெரிகிறது. இவர்களுக்குத் தண்ணீர் பஞ்சம் இல்லை. மறதி இல்லை. கஞ்சத்தனம் என்று தண்ணீரில் ஒன்று கிடையாது. அப்படியென்றால் இது ஒரு முடிவு. யாரோ முன்கூட்டியே எடுத்த முடிவு. அந்த நினைப்பு வந்ததும் லோகநாயகிக்குத் தாகத்தைவிடப் பயம் அதிகமானது. செத்த வீட்டில்கூடத் தண்ணீர் கொடுப்பார்கள். நம்மை என்னவென்று வைத்திருக்கிறார்கள் இந்த வீட்டில்.

அவள் எச்சில் விழுங்கத் திணறியது செல்வினுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தோள்பையைத் திறந்து தன் பாட்டிலை எடுத்து, "மேடம்" என்று நீட்டினார். டிரஸ்ட் பாட்டில். எவர்சில்வர், பக்கவாட்டில் அறக்கட்டளைச் சின்னம், இரண்டு கை சேர்ந்து ஒரு விளக்கு. இந்தப் பாட்டிலும் அவள் யோசனைதான். களத்துக்குப் போகிறவர்கள் அந்த வீட்டைத் தொந்தரவு செய்யாமல் தங்கள் தண்ணீரைத் தாங்களே கொண்டுபோக வேண்டும் என்று ஆண்டுவிழாவில் ஆளுக்கொன்று கொடுத்தாள். கை நீட்டி வாங்கப் போனவள் உச்சிமாகாளியைப் பார்த்தாள். உச்சிமாகாளி பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. நேரத்துக்கு வரவேண்டிய பஸ் வந்துவிட்டது, அவ்வளவுதான், என்கிற மாதிரி ஒரு பார்வை. லோகநாயகி கையை மடியில் போட்டுக்கொண்டாள். எத்தனை வீட்டில் இந்தப் பாட்டில் திறந்திருக்கும். எத்தனை பேர் இதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். திறந்து, அண்ணாந்து, குடித்து, மூடி, பைக்குள் வைத்து, அப்புறம், சொல்லுங்கம்மா வீட்டு வருமானம் எவ்வளவு. நான் கொடுத்த பாட்டில்.

"உச்சிமாகாளி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?" என்றாள்.

கேட்டது தன் குரல்தானா என்று இருந்தது. செல்வின் திரும்பிப் பார்த்தார். உச்சிமாகாளி சுவரிலிருந்து நிமிர்ந்தாள், ஆனால் அடுப்படிப் பக்கம் போகவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "ஏட்டி, ஓடிப் போயி முக்குக் கடையில ஒரு வாட்டர் பாட்டில் வாங்கிட்டு வா. கூலிங்கா கேளு. சீல் உடைக்காம வாங்கு" என்றாள்.

"பாட்டில் வேண்டாம்மா. அந்தக் குடத்துத் தண்ணி போதும்."

"குடத்துத் தண்ணியா?" உச்சிமாகாளி சிரித்தாள், சிரிப்பா என்று சொல்லமுடியாத சிரிப்பு. "நீங்க குடிக்க மாட்டியள்லாம்மா."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பின்வீட்டு ராசாத்தி மகன் படிப்புக்குப் பாக்க ஒங்க ஆளுக வந்தாக, குடிக்கல. மாடசாமி மகளுக்கு வந்தாக, சர்பத் கலந்து வச்சிருந்தா பாவம், குடிக்கல. அடுத்த வருசம் ஒரு சார் வந்தாரு, பைக்குள்ளருந்து அவரு தண்ணிய எடுத்துக் குடிச்சாரு. செம்பத் தூக்கிக்கிட்டு நடுவீட்டுல நிக்கிறது யாருக்கும்மா கேவலம்? அதான் எங்க தெருவுல பேசி வச்சிட்டோம். டிரஸ்ட்டுக்காரவுக வந்தா உக்கார வைக்கணும், கேட்டதுக்குப் பதில் சொல்லணும், தண்ணி கொண்டு போகக்கூடாது. நமக்குக் காரியந்தான் பெருசு."

அவர்களுக்கும் ஒரு விதி இருந்திருக்கிறது. இத்தனை வருஷம், ஒன்றுக்கொன்று தெரியாமல், இரண்டு விதிகள் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. "அம்மா, அப்படி இல்ல" என்று தொடங்கினாள் லோகநாயகி, அப்படி என்று எதைச் சொல்கிறோம் என்பது வாய்க்குள்ளேயே இடறியது. "நாங்க எந்த வீட்டுலயும் குடிக்கிறதில்ல. ஊருக்குள்ள போனாலும் சரி, மாடி வீடானாலும் சரி. எல்லாருக்கும் ஒரே விதி."

"அது எங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?" என்றாள் பவதாரணி தரையிலிருந்து. இந்தத் தடவை தாய் அதட்டவில்லை. "நீங்க மேலத்தெருவுல குடிச்சியளா குடிக்கலையான்னு நாங்க அந்த வீட்டுக்குள்ள போயி நின்னுப் பாக்க முடியுமா?"

வெளியே காற்றாலைகள் ஜமுக்காளம் உதறுகிற சத்தம். டெல்லியில் யாரும் இதைக் கேட்கவில்லை. கேட்டிருக்கக்கூடிய யாரும் அங்கே இல்லை. எல்லோருக்கும் ஒரே விதி, எல்லோருக்கும் ஒரே விதி, என்று எத்தனை மேடையில். தங்கபாண்டியன் பார்த்த பார்வை கோபம் இல்லை, இரக்கமும் இல்லை, இவளுக்குத் தெரியவே தெரியாதா என்கிற ஆச்சரியம். அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு தம்ளர் தண்ணீர்தான். எழுந்துபோய் அந்தத் தம்ளரை நிமிர்த்தி, மொண்டு, குடித்துவிட்டால் முடிந்தது. தொண்டைக்குள் அது இறங்குவதை இப்போதே உணர்ந்தாள். இறங்கும், இறங்கிக்கொண்டே போகும், மழைக்காலத்துச் சேற்றுக்கால் வரைக்கும் போகும், அம்மா விட்ட மூச்சுவரைக்கும் போகும். கோழி முதலா அம்மா முதலா என்று இனி யோசிக்க வேண்டியிருக்காது. எழுந்தே விட்டாள். "மேடம், நாளைக்குக் கமிட்டி" என்றார் செல்வின், குரலைத் தாழ்த்தி. தெரியும். தெரியும் என்பதால்தான் கால் நின்றது. மறைத்துக் குடிக்கலாம், செல்வின் சொல்ல மாட்டார். அப்படியென்றால் நாங்குநேரிப் பையன்? ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. சொன்னாள். நின்றுகொண்டே, எல்லாவற்றையும், விதியை, கோழியை, தான் குடித்தால் இந்த வருஷம் விண்ணப்பம் நிற்காது என்பதை, நாளைக்குள் வேறு இரண்டு பேரை அனுப்ப முடியாது என்பதை. "அதனாலதாம்மா குடிக்காமப் போனாங்க. வேற எதனாலயும் இல்ல." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா நான் இன்னைக்குக் குடிக்கணும்னு நெனைக்கேன். குடிச்சிட்டு, கமிட்டில நானே பேசிப் பாக்கேன்."

உச்சிமாகாளி முந்தானை முடிச்சைத் திரும்பப் போட்டாள். மெதுவாக, இறுக்கமாக.

"பேசிப் பாத்தா கண்டிப்பாக் கிடைக்குமா?"

லோகநாயகி யோசித்தாள். பெரியவரின் மகன் அந்த மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். உங்க விதிதானே மேடம் என்பார். "கண்டிப்பாச் சொல்ல முடியாது."

"அப்பக் குடிக்காதீங்க."

"இல்லம்மா, நான்..."

"குடிச்சா ஒங்களுக்கு மனசு ஆறும். எம்புள்ளைக்கு?" சண்டையாகச் சொல்லவில்லை, கடையில் விலை கேட்பதுபோலத்தான் கேட்டாள். "இத்தன வருசம் குடிக்கல. இன்னும் பத்து நாளு குடிக்காம இருந்தா என்ன கொறஞ்சிரும்? அவ காலேஜில சேரட்டும். பெறவு வாங்க, தண்ணி என்ன, காப்பியே போட்டுத் தாரேன். பாலு வாங்கியே போட்டுத் தாரேன். இப்ப உக்காருங்க. கேக்க வேண்டியதக் கேளுங்க."

லோகநாயகி உட்கார்ந்தாள். இதற்குமேல் மனசில் என்ன ஓடியது என்று அவள் காரில் சொல்லவில்லை, அதனால் எனக்கும் தெரியாது. செல்வின் சொன்னது இவ்வளவுதான்: மிச்சக் கேள்விகளை மேடம் ஒன்றுவிடாமல் கேட்டார், வழக்கத்தைவிட நிதானமாக, பெண்ணின் பதில்களுக்கு இரண்டு தடவை சிரித்தார், நாக்கு ஒட்டி வார்த்தை குழறியபோதும் பாட்டில் பக்கம் திரும்பவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று கும்பிட்டு, வாரேன்மா என்றார். காருக்கு வந்தபிறகும் நெடுநேரம் குடிக்கவில்லை. நாற்கரச் சாலையில் ஏறியபின்தான் பாட்டிலைக் கேட்டு வாங்கினார், மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சின்னத்தின்மேல் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

பவதாரணிக்கு உதவி கிடைத்தது. மேடம் ஓய்வு பெற்றார். போவதற்கு முன் தண்ணி விதியை மாற்றச் சொல்லி ஒரு குறிப்பு எழுதிக் குழுவுக்குக் கொடுத்தாராம். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. நானும் இந்த டிரஸ்ட் உதவியில் படித்துவிட்டு இங்கேயே வேலைக்குச் சேர்ந்தவன், எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவன். எனக்கும் அந்தப் பாட்டிலைக் கொடுத்திருக்கிறார்கள். பையில்தான் இருக்கிறது, வீடுகளுக்குள் போகும்போது காரில் விட்டுவிடுகிறேன். அது விதியை மீறுவதாகுமா என்று இரண்டு தடவை யோசித்திருக்கிறேன், யாரிடமும் கேட்கவில்லை.

மேடம் அப்புறம் அந்த வீட்டுக்குப் போனாரா என்று செல்வினுக்குத் தெரியவில்லை. போயிருக்க மாட்டார் என்றுதான் அவர் நினைத்தார். கதையை எழுதத் தொடங்கியபின் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. போன மாதம் கயத்தாற்றுப் பக்கம் வேறு வேலையாகப் போனபோது அந்தத் தெருவுக்குப் போய்க் கேட்டேன். உச்சிமாகாளி, "வரேன்னு சொன்னாக, வரல்ல" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. சரி என்று கிளம்பியபோது, பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண், நாற்காலிகள் இரவல் கொடுத்த வீட்டுக்காரி, என்னைக் கூப்பிட்டாள்.

"டீச்சர் மாதிரி ஒரு அம்மாவா? கண்ணாடி போட்டு, பஸ்ஸுல வந்து எறங்கி? போன ஆவணில ஒருநாள் வந்தாக. இவ வேலைக்குப் போயிட்டா, வீடு பூட்டிக் கிடந்துச்சு. ரொம்ப நேரம் வாசல்லயே நின்னாக. யாரு என்னன்னு நான் கேக்கல. பெறவு எங்கிட்ட வந்து தண்ணி கேட்டாக. ரெண்டு செம்பு குடிச்சாக."